மலைப்பாதைக்கு ஏற்ற பயிற்றுநர் யார்?



2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் மழையின்போதும் பதுளை மாவட்டத்தில் வீடுவாசலை விட்டு வெளியேறியவர்கள் பலர். போஞ்சியும் கோவாவும் கறிமிளகாயும் போட்ட நிலம் கையைவிட்டுப் போன பின்பு, வீட்டு மூத்த பையன் முதலில் சொல்வது, "நான் ஆட்டோ ஓட்டப் பழகப் போறேன்" என்பதுதான். தாயின் தோடு அடகுக்குப் போகிறது. அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றியே இப்பாடம்.

நாம் 'லேனர்ஸ்' என்று சொல்லும் சாரதிப் பயிற்சிப் பாடசாலை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பழக்குபவரிடமும் பயிற்றுநருக்கான அனுமதி இருக்க வேண்டும். "காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாங்கும் விதைநெல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லையா? எந்த வாகனத்துக்கு விண்ணப்பம் போடப்படுகிறது என்பதையும் விசாரியுங்கள். ஆட்டோவுக்கு 'பி1' வகை, லேண்ட்மாஸ்டருக்கு 'ஜி1' வகை. எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். "பரீட்சையை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், காசை மட்டும் கொடுங்கள்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் அட்டை வாங்கித் தருபவர். ஓட்டப் பழக்குபவர் அல்ல.

பத்திரங்கள் சரியாக இருந்தாலும் அது பாதி விசாரணைதான். ஹாலிஎல சந்தியில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பண்டாரவளை வீதி, மறுபக்கம் வெலிமடை வீதி, கீழே பதுளை. பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். பண்டாரவளையோ 1,200 மீற்றருக்கும் மேல். நம் பிள்ளைகள் பிழைக்கப்போவது இந்த ஏற்ற இறக்கத்தில். சந்தியைச் சுற்றியும் மைதானத்திலும் மட்டும் ஓட்டக் கற்றவனை இந்த வீதியில் விடலாமா?

நான் பழகியது சமவெளியில். பயிற்றுநர் நல்ல மனிதர்தான், ஆனால் இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. ஊவாவுக்கு வந்த புதிதில் பண்டாரவளையிலிருந்து இறங்கி வந்தபோது, தெமோதரைக்கு மேலே பிரேக் கருகும் மணம் வந்தது. மிதித்தால் கால் உள்ளே உள்ளே போனது. எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். பின்னால் வந்த லொறிக்காரர் இறங்கிப் பார்த்து, "பாதர், எந்த கியர்ல ஏறுவீங்களோ, அதே கியர்லதான் எறங்கணும்" என்றார். காசு கட்டியும் கிடைக்காத பாடம் அரை நிமிடத்தில் கிடைத்தது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்களும் உண்டு. அவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஒடுங்கிய இடத்தில் யார் நிற்பது, எப்படிப் பின்னால் எடுப்பது என்பதையும் பழக்க வேண்டும். 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறை 13 ஆம் கட்டைக்கு அருகில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். வீதியில் பாறை விழுந்து கிடந்த இடம் அது. எதிரே டிப்பர் ஒன்றும் வந்துகொண்டிருந்தது.

லேண்ட்மாஸ்டர் பழகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சமதரையில் இடது கைப்பிடியில் உள்ள கிளச்சை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில், பின்னால் பெட்டி தள்ளும்போது, அதே கிளச் வண்டியை வலப்பக்கம் திருப்பிவிடும். ஏனென்றால் அழுத்திய பக்கச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். மற்றச் சக்கரம் எஞ்சினின் பிடியிலேயே மெதுவாகச் சுற்றும். வயலில் மட்டும் ஓட்டிய ஒருவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பயிற்றுநரிடம் இதை ஒரு கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். அவர் எங்கே ஓட்டியவர் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

மொழியும் முக்கியம். சிங்களம் பேசும் பயிற்றுநர்களில் மிக நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பயந்த நேரத்தில் "நவத்தன்ன" என்ற சத்தம் "நிறுத்து" என்று பையனின் காலுக்குப் புரிய வேண்டும். வண்டியைத் தொடுமுன் பத்துச் சொற்களை இருவரும் பேசி வைத்துக்கொள்ளட்டும். பெண் பிள்ளை பழகப் போனால் முதல் சில நாட்கள் அக்காவோ அம்மாவோ கூடப் போகலாம். அதை மறுக்கும் இடம் வேண்டாம்.

காசு கட்டுமுன் ஒரு நாள் போய்ச் சும்மா நின்று பாருங்கள். பயிற்சிக் கார் என்றால் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறதா? ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் மாறி மாறி ஏறுகிறார்கள்? ஐந்து பேர் என்றால் உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். பிழை விட்டவனை ஏசுகிறாரா, அல்லது நிறுத்தி மறுபடி செய்யச் சொல்கிறாரா? அங்கே பழகிப் போன இரண்டு பேரையாவது தேடிப் பேசுங்கள்.

முழுத் தொகையையும் முதல் நாளே கொடுக்க வேண்டாம். தவணையாகப் பேசி, ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, பிள்ளை தெமோதரையிலிருந்து ஹாலிஎல வரை கியரிலேயே இறங்கி வந்த பின்புதான் கடைசித் தவணை என்று சொல்லிப் பாருங்கள். சிலர் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிப்பவர் கிடைக்கும்வரை இன்னும் இரண்டு இடம் விசாரியுங்கள். தோடு அதுவரை காதிலேயே இருக்கட்டும்.