மணலுக்குள் இருந்த செங்கற் கோயில்

தம்பிலுவில், திருக்கோவில் உள்ளிட்ட கிழக்கிலங்கைக் கரையோரத்தை 2004 டிசம்பர் 26ஆம் திகதி தாக்கிய ஆழிப்பேரலை, அதே நாளில் தமிழகத்தின் மாமல்லபுரக் கரையையும் தாக்கியது. அங்கு மணல் அரிப்புண்டதால் சாளுவன்குப்பத்துப் பாறையொன்றில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை சுப்பிரமணியர் கோயில் ஒன்றைக் குறிப்பிட்டன. ஆனால் அவ்விடத்தில் கோயில் எதுவும் காணப்படவில்லை.

2005இல் இந்தியத் தொல்லியல் துறையினர் அருகிலிருந்த மண்மேட்டை அகழ்ந்தபோது பல்லவர் காலக் கருங்கற் கோயிலின் எச்சங்களும், அதன் கீழே அதனினும் பழைமையான செங்கற் கோயிலும் வெளிப்பட்டன. வாயிலின் முன் கல்லாலான வேலொன்றும் இருந்தது. வேலையே மூலமூர்த்தியாகப் போற்றும் கிழக்கிலங்கை அடியார்களுக்கு இது புதுமையன்று. செங்கற் கோயில் சங்க காலத்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. காலம் பற்றிக் கருத்து வேறுபாடும் உண்டு.

இங்கு கவனிக்கத்தக்கது, பல்லவர் பழைய கருவறையை இடித்தெறியவில்லை என்பதாகும். அதனுள் மணலை நிரப்பி, மேலே கற்பலகைகளைப் பரப்பி, அதன்மீது தம் கோயிலை எழுப்பினர். அதனாலேயே அச்செங்கற் சுவர்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் அமைத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையுடன் கூறுவதிலிருந்து, அதற்கு முன் கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதை உய்த்துணரலாம்.

இக்காலத்தில் திருப்பணி என்றதும் பழஞ்சுவரை இடிப்பது, அல்லது சீமெந்து பூசி மறைப்பது வழக்கமாகிவிட்டது. பின்னையது பாதுகாப்புப் போலத் தோன்றினும் கேடே விளைவிக்கும். செங்கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சீமெந்துப் பூச்சோ அதைத் தடுத்துவிடும். வெளியேற வழியற்ற நீர் மெல்ல உலர, உப்பு கல்லினுள்ளேயே படிகமாகிப் பருக்கும். பூச்சுக்குப் பின்னால் கல் மாவாக உதிரும். வெளிப்பார்வைக்குச் சுவர் புதிதாகவே இருக்கும்!

ஆகவே பழஞ்சுவரில் கைவைக்குமுன் அளவெடுத்து, படம்பிடித்து வைத்தல் வேண்டும். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடமாயின் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துள் அடங்கும். தொல்பொருளியல் திணைக்களத்தை முதலில் அணுகுதல் அவசியம். உதிர்ந்த கற்களை மட்டும் அகற்றி, அதே அளவில் நன்கு சுட்ட கற்களை வைத்து, நீற்றிய சுண்ணாம்பும் உப்பற்ற மணலும் கலந்த சாந்தால் கட்டலாம். கடற்கரை மணல் இதற்கு ஆகாது.