தேநீரில் உள்ள தியானினும் மூளை நலமும்

செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் அறுவடையானாலும், செந்துறையில் முந்திரி பொறுக்கும் காலமானாலும், காலை வேலை தொடங்குவது தேநீரில்தான். முற்பகலில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை எனக் கூலியாட்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பதும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வழக்கமாகிவிட்டது. இந்தத் தேநீரைப் பற்றி ஒரு செய்தி இப்பொழுது கைப்பேசி வழியாகவும் விளம்பரங்கள் வழியாகவும் ஊர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘கிரீன் டீ’ என்று விற்கப்படும் பசுந்தேயிலையில் தியானின் என்றொரு பொருள் இருக்கிறது, அது மனத்தை அமைதிப்படுத்தும், நினைவாற்றலைக் காக்கும், வயதானவர்களின் மறதியைப் போக்கும் என்பதே அச்செய்தி. இதை நம்பி விலையுயர்ந்த பொட்டலங்களையும் மாத்திரைகளையும் வாங்குவோர் உண்டு. இதில் மெய் எவ்வளவு என்பதை அறிந்துகொண்டு செலவு செய்வது நல்லது.

தியானின் என்பது என்ன?

தியானின் ஓர் அமினோ அமிலமாகும். பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தை ஆக்குகின்ற பொருள்களும் அமினோ அமிலங்களே. ஆனால் தியானின் புரதத்தில் சேராமல் தேயிலையில் தனித்தே இருக்கிறது. 1949ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் ஆய்வாளர் சகாதோ என்பவர் இதைப் பசுந்தேயிலையில் கண்டறிந்தார். உலர்ந்த தேயிலையின் எடையில் ஏறக்குறைய 100க்கு 1 முதல் 2 பங்கு வரை இது உள்ளது.

இது உண்டாகும் விதம் உழவர்களுக்கு எளிதில் விளங்கும். தேயிலைச் செடி மண்ணிலுள்ள தழைச்சத்தை, சிறப்பாக அம்மோனிய வடிவில் உள்ளதை, வேரால் உறிஞ்சி வேரிலேயே தியானினாக மாற்றுகிறது. பின்னர் அது தண்டு வழியே இளந்தளிருக்கு ஏறுகிறது. அங்கே வெயில் பட்டால் தியானினின் ஒரு பகுதி சிதைந்து, துவர்ப்புப் பொருள்கள் உண்டாக உதவுகிறது. நிழல் இருந்தால் தியானின் தளிரில் தங்கிவிடுகிறது. ஆகவேதான் ஜப்பானில் உயர்ந்த இரகத் தேயிலைக்குக் கொழுந்து பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பே தோட்டத்தின்மீது பந்தல் போட்டு மூடிவிடுகிறார்கள். அகத்தி நிழலில் வளர்ந்த கொடிக்கால் வெற்றிலை காரம் குறைந்து மென்மையாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

மூளையில் அது செய்யும் வேலை

குடித்த தேநீரிலுள்ள தியானின் குடலில் உறிஞ்சப்பட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் உச்ச அளவை அடைகிறது. இரத்தத்திலுள்ள எல்லாப் பொருளும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. வரப்புப் போன்ற ஒரு தடுப்பு அங்கே இருக்கிறது. தியானின் அந்தத் தடுப்பைக் கடந்து செல்லக் கூடியது. மூளையில் நரம்புகளைக் கிளர்ச்சியடையச் செய்யும் குளூட்டமேட் என்னும் பொருளும் தியானினும் உருவத்தில் ஒத்தவை. பூட்டில் நுழைந்தும் முழுதாகத் திரும்பாத சாவியைப் போல, குளூட்டமேட் அமர வேண்டிய இடத்தில் தியானின் சிறிது அமர்ந்துகொள்கிறது என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

மனிதர்களிடத்தும் சோதனைகள் நடந்துள்ளன. தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தபோது, தியானின் உட்கொண்டவர்களிடம் ஆல்ஃபா அலைகள் மிகுந்து காணப்பட்டன. நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் இவ்வலைகள், உறக்கமின்றி, அதே நேரத்தில் பதற்றமுமின்றி ஒருவர் இருக்கும்போது தோன்றுபவை. தேநீரிலுள்ள மற்றொரு பொருளான காஃபீன் உறக்கத்தை விரட்டுவது. இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கவனம் சிதறுவது குறைந்ததாகவும் சில சோதனைகள் காட்டின. காப்பியைவிடத் தேநீர் படபடப்பின்றிச் சுறுசுறுப்புத் தருகிறது என்று பலரும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2019ஆம் ஆண்டில் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், நலமுள்ள 30 பேர் நாள்தோறும் 200 மில்லிகிராம் தியானினை நான்கு வாரங்கள் உட்கொண்டனர். அவர்களுடைய மன இறுக்கமும் உறக்கக் குறைவும் ஓரளவு தணிந்தன. நல்ல செய்திதான். ஆனால் 30 பேரில் கண்டதை ஊருக்கெல்லாம் பொதுவாக்க முடியாது. ஒரே வயலில் ஒரு பருவம் விளைந்ததை வைத்துப் புதிய இரகத்தை நாம் பரிந்துரைப்பதில்லை அல்லவா? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் சான்றுகளை ஆராய்ந்து, தியானின் அறிவாற்றலை வளர்க்கும், மன இறுக்கத்தைப் போக்கும், உறக்கம் தரும் என்ற உரிமைகோரல்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு கூறியது.

தேநீர் குடிக்கும் முதியவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டதாக 2016இல் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 55 வயதுக்கு மேற்பட்ட 957 சீனர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதியது அது. தேநீர் குடிப்பவர்கள் மற்ற பழக்கங்களிலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம் என்பதால், தேநீரே காத்தது என்று இதைக் கொண்டு அறுதியிட்டுக் கூற இயலாது.

ஒரு கோப்பையில் எவ்வளவு?

பொட்டலத்தின்மேல் அச்சிடாத கணக்கு இதுதான். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 200 மில்லி அளவுள்ள ஒரு கோப்பை கறுப்புத் தேநீரில் சுமார் 24 மில்லிகிராம் தியானின் இருந்தது. பசுந்தேநீரில் இருந்ததோ சுமார் 8 மில்லிகிராம்தான்! இலையின் வகையையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்து இந்த அளவு மாறும். எனினும் நம் ஊர்க் கடையில் தரும் சாதாரணத் தேயிலையில் தியானின் இல்லை என்பது தவறு. இரண்டும் ஒரே செடியின் கொழுந்தே. கொழுந்தைப் பறித்தவுடன் சூடு காட்டி நிறம் மாறாமல் உலர்த்தினால் பசுந்தேயிலை. வாட்டி, இயந்திரத்தில் நசுக்கி, காற்றுபடப் பழுக்கவைத்து உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. இந்த மாற்றத்தில் பெரிதும் மாறுவன துவர்ப்புப் பொருள்களே.

சோதனைகளில் கொடுத்த 200 மில்லிகிராமைக் கறுப்புத் தேநீரிலிருந்தே பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு எட்டுக் கோப்பைக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். அப்படிக் குடித்தால் கோப்பைக்கு ஏறக்குறைய 40 மில்லிகிராம் காஃபீனும் உடன் சேர்ந்து, அமைதிக்குப் பதிலாகப் படபடப்பும் உறக்கமின்மையும்தான் மிஞ்சும். ஆகவே தேநீரை ஒரு நல்ல பானமாகக் கொள்ளுங்கள், மருந்தாகக் கொள்ள வேண்டாம். இதற்கென்று விலை கூடிய பொட்டலம் வாங்க வேண்டியதில்லை. நீலகிரியின் சிறு விவசாயிகளை உறுப்பினர்களாகக் கொண்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் தயாரிக்கும் ஊட்டி டீ நியாய விலைக் கடைகளில் விற்பனையாகி வருகிறது. அதைப் போன்ற சாதாரணத் தேயிலையே போதுமானது.

பசுந்தேயிலைச் சாற்றை வற்றவைத்து அடைத்த மாத்திரைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சென்றால் கல்லீரலுக்குக் கேடு நேரலாம் என்று அதே ஐரோப்பிய ஆணையம் 2018இல் எச்சரித்துள்ளது. மருத்துவர் சொல்லாமல் இவற்றை உண்ணாதீர்கள்.

குடிக்கும் முறை

கொதித்த நீரில் தூளைப் போட்டு மூடி, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஊறும் நேரத்தைப் பொறுத்தே தியானின் இறங்குகிறது. சிறிதளவு பாலும் சர்க்கரையும் சேர்ப்பதால் தியானின் குறைவதில்லை. பாலை அதிகமாக ஊற்றினால் குறைவதாக மேற்சொன்ன 2011ஆம் ஆண்டு ஆய்விலேயே தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு டம்ளருக்கும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்று நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்தால், தேநீரின் நன்மையைச் சர்க்கரை விழுங்கிவிடும்.

காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரமாகும். இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடுவதற்காக விழித்திருப்பவர்கள் தேநீரை மேலும் மேலும் குடிப்பது வழக்கம். உறக்கம் கெடுவது மூளைக்கு நல்லதல்ல என்பதால், மாலை நான்கு மணிக்கு மேல் தேநீரைத் தவிர்ப்பது நன்று.

பெண்களுக்கு ஒரு செய்தி. கம்பு, கீரை, பயறு முதலியவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தேநீரின் துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகை இருந்தால் சோர்வும் கவனக் குறைவும் தோன்றும். மூளைக்கு நல்லது என்று உணவோடு சேர்த்துத் தேநீர் குடிப்பது இங்கே எதிர்விளைவைத் தருகிறது. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கவே கூடாது. கருவுற்ற தாய்மார்களுக்கு நாளைக்கு இரண்டு டம்ளர் போதும்.

மருந்து தெளிப்பவர்கள் கவனத்திற்கு

பருத்திக்கோ மக்காச்சோளப் படைப்புழுவுக்கோ பூச்சிமருந்து தெளித்துக்கொண்டிருக்கும்போது தலைவலி வந்தால், ‘சூடாக ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டு மீண்டும் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதைப் பல இடங்களில் காணலாம். இது மிகவும் ஆபத்தானது. 2017ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்தில் மருந்து தெளித்தவர்கள் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்புகளைத் தாக்குபவை. தலைவலி, அதிக வியர்வை, வாயில் நீர் ஊறல், கண் மங்கல், தசைத் துடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் தெளிப்பதை நிறுத்துங்கள். உடையை மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கலாம். தேநீரிலுள்ள எந்தப் பொருளும் இந்த நஞ்சை முறிக்காது. மருந்து பட்ட கையுடன் டம்ளரைத் தொடுவதால் நஞ்சு வாய்க்குள் போகவும் இடமுண்டு.

வீட்டில் முதியவர்களுக்கு மறதி இருந்தால்

2023இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் உள்ளது. நகரங்களைவிடச் சிற்றூர்களில் இது கூடுதலாகவே காணப்பட்டது. அப்பா சாவியை வைத்த இடம் மறந்தால் அது வயதின் இயல்பு எனலாம். பல ஆண்டுகள் போய்வந்த கொல்லைக்கு வழி தெரியாமல் நின்றாலோ, பணம் கொடுத்ததை மறந்து மீண்டும் மீண்டும் கொடுத்தாலோ அது கவனிக்க வேண்டிய நிலை. அப்பொழுது தேயிலைப் பொட்டலம் வாங்கிக் காத்திருந்தால் காலம்தான் வீணாகும். தைராய்டு குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைக் கண்டறிந்து மருத்துவம் செய்தால் பெரும்பாலும் நிலைமை தேறும்.

இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, புகைபிடித்தல், தலையில் அடிபடுதல், தனிமை ஆகியவை மறதி நோய்க்கு வழி வகுப்பதாக லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் எடுத்துரைத்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டிற்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். கடன் கவலையாலோ வேறு மனச்சுமையாலோ பல நாள் உறக்கம் இல்லாதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையைக் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம்.

நம் நிலத்தில் தேயிலை பயிரிடலாமா?

கூடாது. தேயிலைக்கு அமில மண் வேண்டும். கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணே ஏற்றது. நம் மாவட்டங்களின் கரிசலோ சுண்ணாம்பு நிறைந்தது. அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள் அமைந்ததே இந்தச் சுண்ணாம்புப் பாறையால்தான். அதோடு ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் மழையும் மலைக் குளிர்ச்சியும் தேயிலைக்குத் தேவை. நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடுகிறது. ‘சமவெளித் தேயிலை’ என்று யாராவது நாற்று விற்க வந்தால் வாங்காதீர்கள்.

தூள் வாங்கும்போது செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. சில்லறையாக அளந்து விற்கும் மலிவுத் தூளில் சாயம் கலப்பதுண்டு. ஒரு வெள்ளை வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி, மேலே சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைக் கழுவிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூளாக இருந்தால் கறை மிக லேசாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் கருமை கலந்த பழுப்புக் கறை உடனே படியும். அத்தகைய தூளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.