மலைக்கு ஏற்ற கழிப்பறை



இருட்டும்வரை அடக்கிக்கொண்டு எத்தனை நாள் இருப்போம்? நம் பெரக்கரை நாட்டுக்குப் பாதாளச் சாக்கடை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காவிரிக்கரை முசிறியில் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் 2006-இல் ‘ஈகோசான்’ பொதுக் கழிப்பறை அமைத்தது. அந்த முறையைத் தெரிந்துகொள்வோம்.

குழி தோண்டாமல், தரைக்கு மேலே இரண்டு தொட்டி கட்டணும். மலம் மட்டும் தொட்டிக்குள் விழும். சிறுநீரும் கழுவும் தண்ணீரும் தனித்தனி வழியாக வெளியே போகும். ஒவ்வொரு முறையும் ஒரு கை அடுப்புச் சாம்பல் போடணும். தண்ணீர் உள்ளே போனால் நாற்றம் வரும், கவனம்!

ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு, மற்றதைப் பயன்படுத்தணும். ஓராண்டாவது கழித்துத் திறந்தால் காய்ந்த எரு கிடைக்கும். பாறை நிலத்திலும் கட்டலாம்; நாம் குடிக்கும் ஊற்றும் கெடாது.

முதலில் யார் வீட்டில் கட்டலாம்? அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.