‘செற்றில்’: ஒரு சொல், பல பொருள்



இடம்பெயர்ந்த நாள் முதலாக எமது கைகளுக்கு வந்து சேரும் கடதாசிகள் கொஞ்சமல்ல. பதிவுப் படிவம், வங்கிக் கடிதம், காணி அறிவித்தல், நட்டஈட்டு விண்ணப்பம் என்று அவை பலவகை. ஆங்கிலத்தில் உள்ளவற்றை யாராவது வாசித்துச் சொல்லக் கேட்டே நம்மில் பலர் கையொப்பமிடுகிறோம். வாசித்துச் சொல்பவர் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைச் சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லுக்குப் பல பொருள் இருக்குமானால் நாம் எதற்குக் கையொப்பமிட்டோம்?

ஆகவே இந்தப் பாடத்தில் ‘செற்றில்’ என்ற ஒரேயொரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். எமது வாழ்வோடு இவ்வளவு நெருங்கிய ஆங்கிலச் சொல் வேறொன்று இருப்பது அரிது.

சொல்லின் வேர்

பழைய ஆங்கிலத்தில் இருக்கை, ஆசனம் என்று பொருள்தரும் சொல்லொன்றிலிருந்து பிறந்ததே ‘செற்றில்’. ஓரிடத்தில் அமரச் செய்தல் என்பதே அதன் ஆதிப்பொருள். எமது தமிழிலும் ‘அமர்’ என்னும் சொல் இப்படித்தான் பரந்து நிற்கிறது. கதிரையில் அமர்ந்தார் என்கிறோம். ஊரில் குடியமர்ந்தார்கள் என்கிறோம். காற்று அமர்ந்தது, கோபம் அமர்ந்தது என்றும் சொல்கிறோம். அலைந்தது நிலைகொள்ளுதல் என்ற கருத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்வரும் பொருள்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

1. படிதல், தெளிதல், இறங்குதல்

கலங்கிய நீரைக் குடத்தில் வைத்தால் மண்டி அடியில் அடைந்து நீர் தெளியும். இது ‘செற்றில்’. சேற்று விதைப்பில், மட்டப்படுத்திய வயலின் சேறு அடையும்வரை பொறுத்திருந்து முளைநெல் வீசுகிறோமே, அதுவும் ‘செற்றில்’. புதிதாகக் கட்டிய குளக்கட்டு மழைக்குப் பின் சற்று இறங்குவதற்கும் இதே சொல்தான். தாழ்தல் என்ற பொருளில் ‘சிங்க்’ என்பது இதற்கு நெருங்கிய சொல். (தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் அல்ல. கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.)

2. அமைதியடைதல்

புதிய பாடசாலையில் அழுதுகொண்டிருந்த பிள்ளை சில நாட்களில் பழகிக்கொண்டால், ‘செற்றில்ட் டவுண்’ என்பார்கள். ‘காம் டவுண்’ என்பதும் ஏறக்குறைய இதே பொருளைத் தரும்.

3. கடன் தீர்த்தல், கணக்கு முடித்தல்

வங்கிக் கடிதத்தில் ‘செற்றில்’ என்று கண்டால் அது குடியேற்றமன்று, பணம் கட்டுதல். ‘பே’ என்பது இதன் ஒத்தசொல். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடனில் ஒரு பங்கைக் கட்டினாலும் ‘பே’ என்று சொல்லலாம். கடனை ‘செற்றில்’ பண்ணினால் கணக்கே முடிந்தது.

இங்கே ஒரு சொற்றொடரைக் கட்டாயம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்: ‘ஃபுல் அன்ட் ஃபைனல் செற்றில்மென்ற்’. முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு என்பது இதன் பொருள். நட்டஈட்டுப் பற்றுச்சீட்டில் இது இருந்தால், அந்தத் தொகையோடு கோரிக்கை முடிந்தது, இனி ஒன்றும் கேட்கமாட்டோம் என்று நாம் எழுதிக்கொடுப்பதாகவே கொள்ளப்படும். கிடைப்பது முதற்பங்கு மட்டுமானால், ‘ஒரு பகுதிக் கொடுப்பனவு’ என்று எழுதித்தரும்படி கேட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.

4. பிணக்குத் தீர்த்தல்

வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு முதலியவற்றை இணக்கமாக முடிப்பதும் ‘செற்றில்’தான். ‘றிசோல்வ்’ இதன் ஒத்தசொல். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டத்தின்கீழ், இணக்கம் காணப்பட்டால் ‘செற்றில்மென்ற்’ சான்றிதழும், காணப்படாவிட்டால் ‘நொன் செற்றில்மென்ற்’ சான்றிதழும் வழங்கப்படும். இரண்டாவதைக் கண்டு மனம் உடையவேண்டாம், எறிந்துவிடவும் வேண்டாம். மத்தியஸ்த சபைக்குக் கட்டாயமாகப் போகவேண்டிய பிணக்குகளில், பின்னர் நீதிமன்றக் கதவைத் திறக்கும் திறப்பே அதுதான்.

5. உரித்தை நிர்ணயித்தல்

முடிவு செய்தல் என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ‘டிசைட்’ இதன் ஒத்தசொல். 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘செற்றில்மென்ற்’ என்ற சொல்லே உள்ளது. இங்கே ஒருவரையும் குடியேற்றுவதில்லை. காணி அரசினுடையதா, தனியாருடையதா, தனியாருடையதாயின் யாருடையது என்று ஆராய்ந்து முடிவு செய்கிறார்கள். அதற்கு முன் அறிவித்தல் கொடுத்து, உரிமை கோருவோரை ஒரு கால எல்லைக்குள் முன்வரும்படி அழைப்பார்கள். ஊரைவிட்டுத் தூர இருக்கும் எமக்கு அந்த அறிவித்தல் கண்ணில் படாமல் போகலாம். பட்டாலும், ‘ஏதோ குடியேற்றத் திட்டம்’ என்று நினைத்து விட்டுவிட்டால் எமது கோரிக்கை பதியப்படாமலே போகக்கூடும்.

6. குறைந்ததோடு அமைதல்

‘செற்றில் ஃபோர்’ என்றால், விரும்பியது கிடைக்காதபோது கிடைத்ததை ஏற்று அமைதல். இரண்டு ஏக்கர் கேட்டவர் அரை ஏக்கருக்குச் சம்மதித்தால் அது ‘செற்றில் ஃபோர்’.

7. குடியமர்தல்

கடைசியாக, எம்மை நேரே தொடும் பொருள். ஓரிடத்தில் குடியமர்வது ‘செற்றில்’. அதன் முன்னே ‘றீ’ சேர்ந்தால் ‘றீசெற்றில்’, மீளக் குடியமர்தல். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. இச்சொல்லின் அருகே வேறு இரண்டு சொற்கள் நிற்கின்றன.

‘றிற்றேர்ன்’ என்றால் திரும்பிப் போதல். விட்டுவந்த வீட்டுக்கும் வளவுக்கும் போதல். ‘றீலொக்கேற்’ என்றால் வேறோர் இடத்துக்கு மாற்றப்படுதல்.

1998ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட்ட, உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டற் கோட்பாடுகளில் 28ஆவது கோட்பாடு இவற்றைப் பிரித்தே சொல்கிறது. சொந்த விருப்பத்தோடும் பாதுகாப்போடும் கௌரவத்தோடும் தமது இடத்துக்குத் திரும்புவது ஒன்று. சொந்த விருப்பத்தோடு நாட்டின் வேறொரு பகுதியில் குடியமர்வது மற்றொன்று. ‘றீசெற்றில்’ என்ற சொல் அங்கே இரண்டாவதற்கே வருகிறது. எமது நாட்டிலோ சொந்தக் காணிக்குத் திரும்புவதையும் ‘மீள்குடியேற்றம்’ என்கிறோம். வேறு காணியில் இருத்தப்படுவதையும் அப்படியே சொல்லிவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் வெறும் இலக்கணக் குழப்பமல்ல. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, மீள்குடியேற்றம் நிறைவுற்றதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் கடைசியாக வெளியேறியவர்களில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவைச் சேர்ந்த 110 குடும்பங்கள் சொந்த வளவுக்குப் போகவில்லை. அவர்களின் காணிகளில் படையினர் நிலைகொண்டிருந்ததால் சீனியாமோட்டையில் இருத்தப்பட்டார்கள். ஒரு சொல்லுக்குள் இரண்டு நிலைமைகள் ஒளிந்திருந்தன.

ஆகவே அந்தச் சொல்லை ஒரு கடதாசியில் கண்டால் மூன்று கேள்விகளைக் கேட்போம்:

- எமது சொந்தக் காணிக்கா, வேறு காணிக்கா?
- வேறு காணியானால், இது தற்காலிகமா, நிரந்தரமா?
- இதை ஏற்றுக்கொண்டால் பழைய காணி மீதான எமது உரிமை என்னவாகும்?

விடைகளை வாயால் அல்ல, எழுத்தில் பெறுவோம். பிரதியொன்றைப் பத்திரமாக வைப்போம்.

பயிற்சி

பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு, இவற்றில் ‘செற்றில்’ என்ன பொருள் தருகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

(அ) த மட் ஹாஸ் செற்றில்ட்.
(ஆ) வீ செற்றில்ட் த பாங்க் லோன்.
(இ) த பிறதர்ஸ் செற்றில்ட் த டிஸ்பியூற்.
(ஈ) த ஃபமிலி வோஸ் றீசெற்றில்ட்.

விடைகள்: (அ) சேறு அடைந்துவிட்டது. (ஆ) வங்கிக் கடனைத் தீர்த்தோம். (இ) சகோதரர்கள் பிணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். (ஈ) அந்தக் குடும்பம் மீளக் குடியமர்த்தப்பட்டது. ஆனால் எங்கே என்று கேட்டறியும்வரை இந்த விடைக்கு முழுப் புள்ளி கொடுக்கவேண்டாம்.