குடும்பத்துக்கு ஒரு சிறிய எஸ்.யூ.வி. – வாங்குமுன் கற்க வேண்டிய பாடங்கள்



திருப்பதியில் வீடு இருந்தால் விருந்தாளிக்குப் பஞ்சமில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்த உண்மை. வேலூரிலிருந்து அத்தை வருவார், காஞ்சிபுரத்திலிருந்து சம்பந்தி வருவார். வந்தவர்களை மலைக்கு அழைத்துச் செல்வது நம் கடமை. சித்தூரில் இருப்போருக்குக் காணிப்பாக்கமும் சேர்ந்து கொள்ளும். இது போக, வார நாள்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். மருத்துவமனை, சந்தை, கல்யாண வீடு என்று ஓட வேண்டும். ஆக, நம் குடும்பத்து வண்டி ஒரே வாரத்தில் கடைத்தெருவையும் நெடுஞ்சாலையையும் மலைப்பாதையையும் பார்த்து விடுகிறது.

இன்று பெரும்பாலான குடும்பங்களின் கண் சிறிய எஸ்.யூ.வி. வண்டிகள் மீதுதான் இருக்கிறது. அவற்றிலும் 'ஸ்போர்ட்ஸ்' தோற்றமும் டர்போ எஞ்சினும் கொண்டவை இளைஞர்களைப் பெரிதும் கவர்கின்றன. அவற்றை வேண்டாம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம்.

முதலில் ஒரு குடும்பச் செய்தி. என் தங்கை மகன் சித்தூரில் வேலை பார்க்கிறான். இத்தகைய வண்டி ஒன்றை ஷோரூமில் பத்து நிமிடம் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, சீறிப் பாய்கிறது என்று மகிழ்ந்து வாங்கி விட்டான். அம்மா, பாட்டி, மனைவி, குழந்தையுடன் திருமலைக்குச் சென்றான். ஏறும்போது குறையில்லை. இறங்கும் வழியில், பாதிக்கு மேல் வந்தபின், கருகல் வாடை அடித்தது. பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. நல்ல வேளையாக ஓர் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, முக்கால் மணி நேரம் காத்திருந்து, மெல்ல இறங்கி வந்து சேர்ந்தார்கள். மறுநாள் பட்டறையில் சோதித்தால் வண்டியில் கோளாறே இல்லை. மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த கியரில் இறங்கினீர்கள் தம்பி?" ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யிலேயே விட்டுவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே அவன் இறங்கி வந்திருக்கிறான்.

பாட்டி சொன்னது வேறு. "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏற முடியல, ஏறினா காலை நீட்ட முடியல. என்னை யாரும் உட்கார வைத்துப் பார்க்காமல் வாங்கிட்டீங்களே!"

இந்த இரண்டு குறைகளுமே ஷோரூம் வாசலில் தெரியாதவை. அவற்றைத் தெரிந்துகொள்ளும் வழிதான் பின்வரும் பாடங்கள்.

பாடம் 1: நான்கு மீட்டர் கணக்கு

ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், டாடா நெக்ஸான் எல்லாமே 3,995 மில்லிமீட்டர் நீளம், மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்ஓ 3,990 மில்லிமீட்டர். இவை நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவாக நிற்பது தற்செயலன்று. 2006 மத்திய பட்ஜெட்டில், 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. அதே எல்லைதான் ஜி.எஸ்.டி.யிலும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த எல்லைக்குள் அடங்கும் வண்டிக்கு 18 சதவீதம், மீறும் பெரிய வண்டிக்கு 40 சதவீதம்.

இதனால் விலை குறைகிறது. ஆனால் நான்கு மீட்டருக்குள் எஞ்சின், இரண்டு வரிசை இருக்கை, டிக்கி மூன்றையும் அடக்கியாக வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எனவே முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கேளுங்கள். முதல் தலைமுறை வென்யூவில் அது 2,500 மில்லிமீட்டர், நெக்ஸானில் 2,498, 3எக்ஸ்ஓவில் 2,600. இந்தத் தூரம் கூடினால் கால் நீட்ட இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பின்னால் மூவர் உட்கார்வதற்கு அகலமும் முக்கியம். முதல் தலைமுறை வென்யூ 1,770, நெக்ஸான் 1,804, 3எக்ஸ்ஓ 1,821 மில்லிமீட்டர். ஆயினும் எண்களோடு நிறுத்தாமல் நேரில் உட்கார்ந்து பார்ப்பதே முடிவான சோதனை.

பாடம் 2: குதிரைத்திறன் எதற்கு?

"மலை ஏற வேண்டுமே, நல்ல பவர் வேண்டாமா?" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம்.

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இலும், இரண்டாவது 1974-இலும் அமைந்தன. இரண்டாவது பாதையில் ஏறுகிறோம். 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட, 19 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாதையில் இறங்குகிறோம். விபத்தைத் தவிர்க்க, ஏற 28 நிமிடமும் இறங்க 40 நிமிடமும் குறைந்தபட்ச நேரமாகத் தேவஸ்தானம் விதித்துள்ளது. அதற்கு முன்னதாகச் சென்றால் அபராதம். சுமார் 18 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் ஏறினால் சராசரி வேகம் மணிக்கு 39 கிலோமீட்டருக்குள்தான்.

ஐந்து பேரும் மூட்டைகளும் சேர்ந்து வண்டி 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏறும் உயரம் ஏறத்தாழ 700 மீட்டர். இந்த எடையை அவ்வளவு உயரத்துக்கு 28 நிமிடத்தில் தூக்கத் தேவைப்படுவது சராசரியாக 9 குதிரைத்திறன்! டயர் உராய்வு, காற்று, ஏ.சி. எல்லாம் சேர்த்தாலும் சராசரி 20-ஐ எட்டாது. 120 குதிரைத்திறனை அந்தப் பாதை கேட்பதே இல்லை.

அப்படியானால் டர்போ எஞ்சின் வீணா? இல்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறக்குறைய நின்று திரும்பும். அப்போது எஞ்சின் சுற்றும் வேகம் குறைவு. அந்த நிலையில் கிடைக்கும் இழுவைத்திறன்தான் முக்கியம். வென்யூவின் முதல் தலைமுறையையே எடுத்துக்கொள்வோம். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நிமிடத்துக்கு 4,000 சுற்றில்தான் தன் முழு இழுவையான சுமார் 114 நியூட்டன் மீட்டரைத் தரும். 2022 செப்டம்பரில் வந்த 'என் லைன்' என்னும் ஸ்போர்ட்ஸ் வகையின் 1 லிட்டர் டர்போ எஞ்சினோ 1,500 சுற்றிலேயே 172 நியூட்டன் மீட்டரைத் தந்தது. ஆகவே விளம்பரத் தாளில் குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள். இழுவை எத்தனை, அது எத்தனை சுற்றில் தொடங்குகிறது என்ற இரண்டையும் பாருங்கள். டர்போவின் பயன் பாய்ச்சலில் இல்லை. முழுச் சுமையோடு திணறாமல் வளைவு ஏறுவதில் இருக்கிறது.

பாடம் 3: ஏறுவதைவிட இறங்குவதே சோதனை

ஏற்றிய அந்த 1,600 கிலோவை 700 மீட்டர் இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல், 37 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை டயர்களும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். மிச்சத்தைப் பிரேக் ஏற்பதா, எஞ்சின் ஏற்பதா என்பதை ஓட்டுநர்தான் தீர்மானிக்கிறார்.

இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கினால், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருப்பதால் வண்டி தானே அடங்கி வரும். கியரைப் போடாமல் பிரேக்கையே மிதித்து வந்தால் அது பழுக்கக் காயும். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய எண்ணெய் விரைவில் கொதித்துக் குமிழி விடும். பெடல் ஆழமாகப் போவதற்குக் காரணம் அதுவே. நிறுவனம் சொல்லும் கால அளவில் அந்த எண்ணெயை மாற்ற மறவாதீர்கள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் நம்மில் இன்னும் உண்டு. இது ஆபத்து மட்டுமன்று, தவறான கணக்கும்கூட. இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகும்.

எனவே ஆட்டோமேட்டிக் வண்டி வாங்குவோர், குறைந்த கியரை நாமே தேர்ந்தெடுக்க என்ன வசதி இருக்கிறது என்று கேட்டு, அதை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து செய்து பார்க்க வேண்டும். மின்சார வண்டியில் மோட்டாரே வேகத்தை அடக்கி பேட்டரிக்கு ஆற்றலைத் திருப்பித் தரும். ஆனால் பேட்டரி முழுதும் நிரம்பியிருந்தால் இந்த அடக்கம் குறையும். மலைமேல் முழுதும் சார்ஜ் செய்துவிட்டு உடனே இறங்க வேண்டாம்.

பாடம் 4: பின் இருக்கையே குடும்பத்தின் இருக்கை

கூரை பின்னோக்கிச் சரியும் தோற்றம் அழகாக இருக்கும். பெரியவர் தலை இடிக்கும். கறுப்புத் துணியும் சிறிய பின் ஜன்னலும் ஸ்போர்ட்ஸ் வகைக்கு எடுப்பு. வளைவுகளில் வெளியே பார்க்க முடியாத குழந்தைக்கு வாந்தி வரும். வளைவில் சாயாதிருக்க ஸ்பிரிங்கை இறுக்கமாக வைப்பார்கள். கோவிந்தராஜசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் பள்ளமும் வேகத்தடையும் பாட்டியின் இடுப்பில் தெரியும்.

டயரில் உள்ள எண்ணையும் படிக்கப் பழகுங்கள். 215/60 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர். பக்கச்சுவர் குறையக் குறைய டயர் பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குவதும் குறையும்.

பாடம் 5: நட்சத்திரமும் பெல்ட்டும்

'பாரத் என்கேப்' மோதல் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. முன் மோதலை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் சோதிக்கிறார்கள். நெக்ஸான், 3எக்ஸ்ஓ இரண்டும் 2024-இல் இதில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு, இரண்டையும் பாருங்கள். பின் நடு இருக்கைக்கும் தோள்வழி வரும் பெல்ட் இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகள் உள்ளனவா என்று கை வைத்துப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதலின்போது எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. அபராதத்தைவிட இதுவே பெரிய காரணம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. சித்தூர் – திருப்பதிச் சாலையில் 40 கிலோமீட்டரை மணிக்கு 80-இல் கடந்தால் 30 நிமிடம். 100-இல் 24 நிமிடம். மிச்சம் ஆறே நிமிடம். ஆனால் திடீரென ஒரு மாடு குறுக்கே வந்தால், நல்ல உலர்ந்த சாலையிலும், 80-இல் வண்டி நிற்கச் சுமார் 57 மீட்டர் வேண்டும். 100-இல் சுமார் 83 மீட்டர்.

ஓட்டிப் பார்க்கும் முறை

1. தனியாகப் போகாதீர்கள். வீட்டில் வயதில் மூத்தவரையும் இளையவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

2. மூத்தவரைப் பின் இருக்கையில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முன் இருக்கையை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்தபின் அவர் முழங்கால் இடிக்கிறதா பாருங்கள்.

3. ஊருக்குக் கொண்டு போகும் பெட்டியையே எடுத்துச் சென்று டிக்கியில் வைத்துப் பாருங்கள்.

4. ஐந்து பேருடன், ஏ.சி. போட்டு, ஒரு மேட்டில் நிறுத்தி மீண்டும் கிளப்புங்கள்.

5. இறக்கத்தில் குறைந்த கியருக்கு மாற்றி, பிரேக் இல்லாமல் வண்டி எவ்வளவு அடங்குகிறது என்று பாருங்கள்.

6. ஒரு நடை நீங்களும் பின் இருக்கையில் அமர்ந்து வாருங்கள்.

தமிழ்நாட்டில் வாங்கி இங்கே கொண்டுவர எண்ணுவோருக்கு ஒரு சொல். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். அதற்குத் தடையில்லாச் சான்றும் இங்கே வரியும் வேண்டும். அங்கே விலை சற்றுக் குறைவு என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பயிற்சி

உங்கள் வண்டியின் டயர் எண்ணைப் படித்துப் பக்கச்சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது எத்தனை முறை பிரேக் மிதிக்கிறீர்கள் என்று பின்னால் இருப்பவர் எண்ணட்டும். குறைந்த கியரில் இறங்கி மீண்டும் எண்ணட்டும்.

என் தங்கை மகன் வண்டியை மாற்றவில்லை. இப்போது மூன்றாவது கியரில் இறங்குகிறான். பாட்டிக்கு முன் இருக்கை. ஏறுவதற்குச் சிறு மரப்பலகை ஒன்று டிக்கியில் இருக்கிறது. இனி வாங்குவோருக்கு அந்தப் பலகை தேவைப்படாதிருக்கட்டும்.