செல்போன் வழியே தொழில் படிப்பு: தேனியில் நடந்ததும் நம்ம ஊரில் நடந்ததும்



திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்புச் செயற்குழுவில் ஒரு தலைவி எங்களைப் பார்த்துக் கேட்டார். "ஆன்லைன் ட்ரெய்னிங், ஆன்லைன் ட்ரெய்னிங்னு சொல்றீங்களே மேடம், அதுல உக்காந்தா நெஜமாவே ஏதாவது தெரிஞ்சிக்க முடியுமா, இல்ல போட்டோ புடிச்சி மேல அனுப்பறதுக்கா?" எல்லோரும் சிரித்துவிட்டோம். கேள்வி நியாயமானதுதான். அன்று நேரமில்லாமல் ஏதோ சொல்லி முடித்தோம். இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பெரிய கம்பெனிகளை நடத்துகிறவர்கள் வேலையை விடாமலே படிக்கும் படிப்பு ஒன்று உண்டு. மேலாண்மைக் கல்லூரிகள் அவர்களுக்கென்று தனியாக நடத்துகின்றன. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரி 2014-ல் இதுபோன்ற பாடங்களை இணையத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஒரு ஸ்டூடியோவே கட்டியது. ஆசிரியர் நடுவில் நிற்பார், எதிர்ச் சுவர் முழுக்க 60 மாணவர்களின் முகம் தெரியும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில் அவரவர் வீட்டில் இருப்பார்கள். 2020-ல் கொரோனா வந்த பிறகு இப்படிப் படிப்பது உலகம் முழுக்கச் சகஜமாகிவிட்டது.

அது முதலாளிகளுக்கு, நமக்கென்ன என்று நினைக்கக்கூடாது. பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு மகளிர் குழுத் திட்டம் 1991-92-லேயே வந்துவிட்டது. தர்மபுரிக்கு அடுத்து தொடங்கிய மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. முப்பது வருஷத்துக்கு மேலாக வாங்கி, கொடுத்து, வசூல் செய்து, தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வருகிறோம். நூறு பேர் கடனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் கூட்டமைப்புத் தலைவியை வேறு என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? அவரும் தொழில் தலைவிதான். படிப்பு மட்டும் அவரைத் தேடி வரவில்லை.

தேனி மாவட்டத்தில் அது தேடி வந்தது. அங்கே 'விடியல்' என்ற தொண்டு நிறுவனத்தின் குழுப் பெண்கள் சுமார் 300 பேர் 2008-ஐ ஒட்டி ஆடு வளர்ப்பைச் செல்போன் வழியாகப் படித்தார்கள். கனடாவில் தலைமையகம் உள்ள காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற அமைப்பு, உழவர்களுக்கான வாழ்நாள் கல்வி என்ற திட்டத்தில் இதற்குத் துணை நின்றது. தமிழ்நாட்டின் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அந்தத் திட்டத்தில் கூட்டு சேர்ந்திருந்தன.

நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடன் விண்ணப்பத்தை. ஒருவருக்கு 9 பெட்டை ஆடு, 1 கிடா, காப்பீடு, கூடவே ஒரு செல்போன். போனையும் தொழிலுக்கான பொருளாகவே கடனில் சேர்த்துக் கேட்டார்கள். அப்போது ஸ்மார்ட்போன் எல்லாம் கிடையாது, பட்டன் போன்தான். இஃப்கோவும் ஏர்டெல்லும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் மூலம் சின்னச் சின்னக் குரல் செய்திகள் தினமும் வரும். தீவனம், கொட்டகை, நோய், தடுப்பூசி, விற்பனை என்று எல்லாம் பேச்சுத் தமிழில் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆடு மேய்க்கிற இடத்திலேயே காதில் வைத்துக் கேட்கலாம்.

எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம். அந்தப் பெண்களுக்கு அது வெறும் பாடம் இல்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்கு எப்போது ஊசி போடணும் என்று காலையில் செய்தி வந்தால், கட்டுத்தறியில் பத்து ஆடு நிற்கிறது, ஆட்டின் மேல் கடன் நிற்கிறது. காதை மூடிக்கொள்ள முடியுமா? காதில் வில்லை இல்லாத ஆடு செத்தால் காப்பீட்டுப் பணம் வாங்குவது பெரும்பாடு என்பதையும் அப்படித்தான் மனதில் வாங்குவோம். ஒருத்தருக்குப் புரியாததைக் குழுக் கூட்டத்தில் இன்னொருத்தரிடம் கேட்டுக்கொள்ளலாம். போன் பாதி, கூட்டம் பாதி.

இந்த விவரமெல்லாம் எங்களுக்கு 2020-லேயே தெரியும். தெரிந்தும் முதல் தடவை கோட்டை விட்டோம்.

ஊரடங்கில் குழுக் கூட்டமே நின்றுபோயிருந்த நேரம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தலைவிகளுக்கு ஆன்லைனில் தொழில் மேலாண்மை வகுப்பு வைத்தோம். காலை பதினோரு மணி என்று நேரம் குறித்தோம். அந்த நேரத்தில் பாதிப் பேர் நூறு நாள் வேலையில், மீதிப் பேர் கொல்லையில் களை எடுக்கிறார்கள். போனோ பிள்ளையின் ஸ்கூல் வகுப்பில் இருக்கிறது. பேசியவர் 'கேஷ் ஃப்ளோ', 'பிரேக் ஈவன்' என்று ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் வகுப்பில் இருந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் போனை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல வாயில்லை. தப்பு எங்களுடையது.

இரண்டாவது தடவை நேரத்தை இரவு எட்டுக்கு மாற்றினோம். அரை மணி நேரம்தான் வகுப்பு. ஒரு போனைச் சுற்றி நாலைந்து பேர் திண்ணையில் உட்காரலாம் என்றோம். பேசுகிறவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம்: உங்கள் உதாரணம் வேண்டாம், எங்கள் ஆட்களின் கணக்கை எடுத்துப் பேசுங்கள்.

ஒரு தலைவி மல்லாட்டை உருண்டை போட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். குழுவில் கடன் வாங்கிச் செய்த தொழில். "லாபந்தான் மேடம், ஆனா கையில நிக்க மாட்டேங்குது, தவணை கட்டக்குள்ள மூச்சு முட்டுது" என்பார். அவர் கணக்கைத்தான் எடுத்தோம். தொகையைச் சுலபமாக்கித் தருகிறோம், இப்போதைய விலை வேறாக இருக்கும்.

ஒரு தடவைக்குப் பருப்பு 5 கிலோ 700 ரூபாய், வெல்லம் 3 கிலோ 180, கேஸ் 60, கவர் 40. மொத்தம் 980. நூறு கிராம் பாக்கெட் 75 வரும். கடைக்கு 15 ரூபாய் வீதம் கொடுத்தால் 1,125. மீதி 145 ரூபாய். இதுதான் அவர் சொன்ன லாபம்.

"ஷேர் ஆட்டோ?" என்று போனிலிருந்து குரல் வந்தது. அது 60 ரூபாய். "யார் யார் வேலை செஞ்சீங்க?" அவரும் மருமகளும், ஆளுக்கு அரை நாள். "அதே அரை நாள் வெளி வேலைக்குப் போனா?" ஆளுக்கு 150 என்று வைத்தால் 300. ஆக மொத்தச் செலவு 1,340. வரவு 1,125. ஒவ்வொரு தடவையும் 215 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஒரு பாக்கெட்டின் அடக்கம் கிட்டத்தட்ட 18 ரூபாய், அவர் கொடுப்பதோ 15-க்கு.

திண்ணையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த அம்மா, "அப்ப என் மருமவ கூலியத்தான் நான் கடைக்காரனுக்குக் குடுத்துக்கினு இருந்தேனா?" என்றார்.

வகுப்பில் 'பிரேக் ஈவன்' என்று சொன்னது இதைத்தான். போட்ட காசும் உழைப்பும் சரியாகத் திரும்பி வருகிற விலை அது. அந்த வார்த்தை நமக்குத் தேவையே இல்லை. 'அடக்க விலை' என்று நம்ம பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. அதில் சொந்த உழைப்பைச் சேர்க்க மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

வகுப்பில் இருந்தவர்களே வழியும் சொன்னார்கள். அறுவடைக் காலத்தில் திண்டிவனம் கமிட்டியில் தோலோடு மூட்டையாக நாலு குழு சேர்ந்து வாங்கலாம், உடைக்கும் கூலியையும் கணக்கில் வைத்துக்கொண்டு. கடைக்கு 18-க்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று நிற்கலாம். வாரச் சந்தையில் நேராக 20-க்கு விற்கலாம். அந்தத் தலைவி விலையை ஏற்றினார். இரண்டு கடைகள் சரக்கு வேண்டாம் என்றுவிட்டன. மற்ற கடைகள் ஒத்துக்கொண்டன. முன்பை விடக் குறைவாகத்தான் போடுகிறார், தவணை நிற்காமல் கட்டுகிறார்.

ஆன்லைன் வகுப்பால் முடியாததும் உண்டு. உருண்டைப் பாகின் பதம் போனில் பார்த்து வராது, கூட நின்றுதான் பழகணும். வசூலில் சண்டை வந்தால் நேரில்தான் உட்கார்ந்து பேசணும். வீட்டில் போன் ஆண்கள் கையில் இருந்தால் வகுப்பும் அவர்கள் கையில்தான். தேனியில் போனைக் கடனிலேயே சேர்த்துப் பெண் பேரில் வாங்கியதன் அருமை எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தொழில் கடன் விண்ணப்பம் எழுதும் குழுக்கள் இதையும் தீர்மானத்தில் வைத்துப் பேசிப் பாருங்கள்.

அடுத்த வகுப்பு விவரத்தை உங்கள் ஊக்குநரிடம் சொல்லி அனுப்புகிறோம். வரும்போது ஒரு வாரத்து வரவு செலவை நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். ஆட்டோ காசு, டீ காசு, மருமகள் உழைப்பு, உங்கள் உழைப்பு எதையும் விடாமல் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். யார் கணக்கை முதலில் எடுப்பது என்பதை அன்று சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.