கணினி வாங்குமுன் கேட்க வேண்டியவை

சங்க அலுவலகத்திற்குக் கணினி வாங்க நிர்வாகக் குழு கூடும்பொழுது, "எந்தக் கம்பெனியின் கணினி நல்லது?" என்பதே முதலில் எழும் கேள்வி. கேள்வி தவறன்று; ஆயினும் அதனை இறுதியில் கேட்பதே முறை என்பது நம் கருத்து.

நெசவாளர் எவரும் நூலின் நெம்பரை அறியாமல் அச்சு வாங்குவதில்லை. கணினியும் அத்தகையதே. டெல், எச்பி, லெனோவா, ஏசர் எனப் பெயர்கள் பலவாயினும், உள்ளே இயங்கும் செயலி பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தினதே, இயங்குதளமும் பெரும்பாலும் மைக்ரோசாப்டின் விண்டோஸே. ஆகவே பெயரைவிட, பழுதுபார்ப்போர் அருகில் உளரா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பனவே முக்கியம்.

பொறிக்கு ஓர் ஆயுள்; இயங்குதளத்திற்கு மற்றோர் ஆயுள். 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அதனால் கணினிகள் நின்றுவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வருவதே நின்றது. திருத்தம் பெறாத கணினியில் உறுப்பினர்களின் பங்குத்தொகைக் கணக்கை வைப்பது, பூட்டுப் பழுதான பெட்டியில் பணத்தை வைப்பதை ஒக்கும். 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கோ 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் குறைந்த அளவுத் தேவைகளாகும். இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, சிலவற்றைத் தவிர, ஏற்கப்படவில்லை. நன்கு ஓடிய பழைய கணினிகள் பல இவ்வாறே ஒதுக்கப்பட்டன.

அவற்றை எறிந்துவிட வேண்டுவதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஒவ்வொன்றிற்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. கடிதம் எழுதவும் பட்டியல் பேணவும் அது போதும். ஆனால், டாலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. ஆகவே கணக்கெழுதும் கணினியை மாற்றுமுன், மென்பொருள், அச்சுப்பொறி, டிஜிட்டல் கையொப்பக் கருவி ஆகிய மூன்றையும் புதிய தளத்தில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

தமிழில் ஆவணம் வைத்திருப்போர்க்கு மற்றோர் இடரும் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட உறுப்பினர் பட்டியல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழக அரசு 2010-இல் யுனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை அம்முறைக்கு மாற்றிய பின்னரே புதிய கணினிக்குச் செல்லுதல் நலம்.

குழித்தறியில் பழகியவர் சட்டத்தறிக்கு வந்தால் முதற்பாவில் கை தயங்கும். எழுத்தருக்கும் அவ்வாறே, அவரை அவசரப்படுத்தலாகாது. ஒரு மாதம் பழைய கணினியிலும் புதியதிலும் ஒரே கணக்கை எழுதி, மாத முடிவில் இருப்பு ஒத்துவருகிறதா எனப் பார்ப்போம். கணக்கின் படியொன்றை வேறிடத்தில் வைப்போம். ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச் மாதத்தில் மாற்றத்தைத் தொடங்காதிருப்போம்.

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை:

1. நம் கணினியின் இயங்குதளத்திற்கு எந்த ஆண்டு வரை ஆதரவு உண்டு?

2. நம் கணக்கு மென்பொருள் எத்தளத்தில் ஓடும்?

3. இன்று கணினி பழுதானால், நம் கணக்கின் படி எங்கே இருக்கிறது?

இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் கம்பெனியின் பெயரைப் பேசுவோம்.